பார்க்காமல் கொட்டாதவர்

குப்பையை அவர் ஒரு நாளும் அப்படியே கொண்டுபோய்க் கொட்டியதில்லை. பெருக்கி முடித்ததும் பழைய செய்தித்தாள் ஒன்றைக் கூடத்தில் விரிப்பார். முறத்தில் அள்ளியதை அதன்மேல் பரப்புவார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு ஒன்றால் கிளறிக் கிளறிப் பார்ப்பார். முடி ஒரு பக்கம் ஒதுங்கும், மண் ஒரு பக்கம் ஒதுங்கும். ஆபீசுக்குக் கிளம்பும் அவதியில் நான் அவரைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருப்பேன். அவருக்கு எந்த அவசரமும் இருக்காது. பார்த்து முடித்த பிறகுதான் தாளை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார்.

அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. எங்கள் தெருவில் அந்தப் பெயர் ஏற்கெனவே போதுமான அளவுக்கு அடிபட்டுவிட்டது. அடிபட வைத்தவள் நான். இன்னொரு தடவை அதை எடுத்துப் போட எனக்குக் கை வரவில்லை.

இலுப்பூரில் எங்கள் வீட்டுக்கு அவர் ஒன்பது வருடம் வேலைக்கு வந்தார். அன்னவாசல் போகிற ரோட்டில், பஸ் நின்று இறங்கினால் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும் ஒரு சின்ன ஊர் அவருடையது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை ஆபீசரம்மா என்பார். நான் ஆபீசர் இல்லை, ஒரு சங்கத்தில் எழுத்தர்தான் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். எங்க ஊருக்கு நீங்க ஆபீசருதான் என்று முடித்துவிடுவார்.

எங்கள் ஃபிரிட்ஜ் மேல் ஓர் எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. தாளில் கிடைத்ததையெல்லாம் அதில்தான் போடுவார். சட்டைப் பொத்தான், ஊக்கு, தோட்டுத் திருகாணி, மூக்குக்கண்ணாடியின் பொடி ஸ்க்ரூ, என் கணவர் மூன்று நாள் தன் கடையைத் தலைகீழாக்கித் தேடிய மெமரி கார்டு. வீட்டில் எது காணாமல் போனாலும் நாங்கள் முதலில் எட்டிப் பார்க்கிற இடம் அந்தக் கிண்ணம்தான். இருக்கும்.

ஒரு தடவை ஒரு மாத்திரையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வெள்ளையாக, பாதியில் கோடு போட்டது. மறுநாள் இன்னொன்று. மூன்றாவது நாள் என் மாமனாரின் கட்டிலைத் தனியே நகர்த்தி, சுவரோரம் பெருக்கி, அள்ளிவந்து தாளில் பரப்பினார். மாமனாருக்குப் பிரஷர் மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறதாம். வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறமாதிரிக் குடித்துவிட்டு, நாங்கள் திரும்பியதும் கட்டிலுக்கு அடியில் துப்பியிருக்கிறார். மொத்தம் ஆறு கிடைத்தன. நான் போதும் எழுந்திருங்கக்கா என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

“ஏழு நாளாத்தானே ஐயா மொகம் வீங்கியிருக்கு. இன்னும் ஒன்னு இருக்கணும். பாப்பம்.”

ஏழாவது மாத்திரை கட்டில் காலின் அடியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் குப்பிக்குள் இருந்தது. அதை எடுத்துக் கிண்ணத்தில் போட்ட பிறகுதான் பாத்திரம் கழுவப் போனார். மாமனார் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்த ஏழாவது மாத்திரைக்குப் பிறகு அவரை டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரையை மாற்றி வாங்கிக் கொடுத்தோம், இன்றைக்கும் நடமாட்டமாக இருக்கிறார்.

என் கதையும் அவருடைய தாளில் வெளிவந்தது. எனக்குச் சர்க்கரை. என் கணவர் அந்த விஷயத்தில் போலீஸ்காரர். ஆபீசிலிருந்து வரும் வழியில் வாங்கிக்கொண்டு வருகிற சாக்லேட்டைத் தின்றுவிட்டு, தாளைச் சுருட்டி சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே விட்டுவிடுவேன். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஒரு நாள் பளபளவென்று பதினொரு தாள்களை நீவி நீவி அடுக்கி என் கையில் கொடுத்தார். சர்க்கரை உள்ள வீட்டில் இது யாருடையது என்று தான் கேட்கவில்லை என்றும், ஆனால் நாளைக்கு இதே மாதிரி இன்னும் பதினொன்று கிடைத்தால் கேட்பேன் என்றும் சொன்னார். என் கணவரிடம் மூச்சு விடவில்லை. நான் ஆறு மாதம் சாக்லேட் தொடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துபோனது. பின்னால் நான் செய்ததற்கு அந்தத் தைரியம்தான் காரணம்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி லீவில் வந்தபோது அந்த மிஷினைக் கொண்டுவந்தான். வட்டமாக, கறுப்பாக, தோசைக்கல்லைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். தானே கிளம்பி, வீடு முழுக்க ஊர்ந்து பெருக்கிவிட்டு, தானே போய்ச் சார்ஜில் நின்றுகொள்ளும். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இனிமேல் ஆள் எதுக்குக்கா என்று தம்பி கேட்டான். நான் அவரை நிறுத்தவில்லை. பாத்திரமும் மிஷினும் உங்கள் பொறுப்பு, பெருக்க வேண்டாம் என்று சொன்னேன். பெரிய மனசு பண்ணிவிட்டதாக அப்போது எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

முதல் நாள் அவர் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பின்னாலேயே வீடு பூராவும் நடந்தார். கட்டிலுக்கு அடியில் போனால் குனிந்து பார்த்தார். சுவரில் முட்டித் திரும்பினால் நின்று வழிவிட்டார். கடைசியில் என்னிடம் வந்தார்.

“பெருக்குறது நல்லாத்தான் பெருக்குது. ஆனா பாக்க மாட்டேங்குதே.”

வாரித் தின்றதை எல்லாம் எங்கிட்டு வைத்திருக்கிறது என்று கேட்டார். மேல் மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் சின்னப் பெட்டியை உருவிக் காட்டினேன். கண்ணாடிமாதிரித் தெரிகிற பெட்டி. உள்ளே எங்கள் ஊர்ச் செம்மண் புழுதியும் என் தலைமுடியும் பஞ்சுபோலச் சுருண்டு கிடந்தன. அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது. விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டுப் போய் செய்தித்தாளை எடுத்துவந்தார்.

அன்றிலிருந்து அதற்கு அவர் வைத்த பெயர் சுத்துறவன். சுத்துறவன் நேத்து ஒழுங்காச் சுத்தலை போல, பொட்டியில ஒன்னையும் காணோம் என்பார். அதோடு வந்த புத்தகத்தைப் படித்துச் சொல்லச் சொன்னார். நான் இங்கிலீஷைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்ல, படத்தை விரலால் தொட்டுத் தொட்டு மனதில் ஏற்றிக்கொண்டார். ஒரு வாரத்தில் என்னைவிட அவருக்குத்தான் அந்த மிஷின் அத்துப்படி. காலையில் வந்ததும் முதல் வேலை அதுதான். பெட்டியை உருவித் தாளில் கவிழ்த்துப் பார்ப்பார். பெட்டியின் பின்பக்கம் மடிப்பு மடிப்பாக ஒரு ஃபில்டர் இருக்கும். அதைக் கழற்றி வாசல் படியில் லொட்டு லொட்டென்று தட்டி, பெயின்ட் பிரஷால் மடிப்பு மடிப்பாகத் தூசி எடுப்பார். பிறகு மிஷினைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் உள்ள உருளை பிரஷைக் கழற்றி, அதில் சுற்றியிருக்கும் முடியையும் பூ நாரையும் பாதி பிளேடால் நெடுக ஒரு கீறு கீறி உரித்து எடுப்பார். மல்லிகை விலை ஏறினால் சுத்துறவனுக்கு நல்லது என்று என் கொண்டையைப் பார்த்துச் சொல்வார். வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைத் தண்ணீரில் அலசி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காய வைப்பார். அன்றைக்கு சுத்துறவனுக்கு லீவு. வேறு யாராவது பெட்டியில் கை வைத்தால் அவருக்குப் பிடிக்காது. பார்க்காமல் கொட்டிவிடுவோமாம்.

ஒரு சட்டம் மட்டும் எங்கள் வீட்டுச் சட்டம். விளக்கு வைத்த பிறகு குப்பை வெளியே போகக் கூடாது. என் மாமியார் இருந்த காலத்தில் போட்டது. மிஷின் சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பும்படி தம்பி வைத்துவிட்டுப் போயிருந்தான். அதனால் அது வாரியது விடிகிறவரை பெட்டிக்குள்ளேயே இருக்கும். காலை ஆறு மணிக்குக் குப்பை வண்டி வரும். அவர் ஏழு மணிக்கு வருவார். ஆகையால் ஒரு நாள் குப்பை அடுத்த நாள் வண்டியில்தான் போகும். இதைத் தெரிந்துகொள்ளுங்கள், இதில்தான் எல்லாமே நடந்தது.

போன வருடம் ஆடிப் பதினெட்டுக்கு என் நாத்தனார் வந்திருந்தார். என் கணவரின் அக்கா, திருமயத்தில் கட்டிக்கொடுத்தது. வருடா வருடம் பிறந்த வீட்டில்தான் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வார். அந்த வருடம் அவருக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. சித்திரையில் அவருடைய கணவருக்கு நெஞ்சுவலி வந்து, திருச்சியில் வைத்துப் பார்த்து, பிழைத்துக் கூட்டிவந்திருந்தார்கள். புதுக் கயிற்றில் மஞ்சள் பூசி, தாலியையும் இரண்டு பக்கமும் தங்கக் குண்டுகளையும் கோர்த்து, என் கையால்தான் முடிச்சுப் போட்டேன். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் மிஷின் வழக்கம்போலக் கிளம்பியது. கூடம் முழுக்கப் பூவும் மஞ்சள் அரிசியும் கயிற்றுப் பிசிறுமாகக் கிடந்தன. பாதி கூடத்தில் பெட்டி நிறைந்து, அது நின்றுவிட்டது. பெட்டியைக் காலி செய் என்று இங்கிலீஷில் ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. நாத்தனாரும் என் கணவரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் அப்போதுதான் விளக்கு ஏற்றியிருந்தேன். உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமனார் அந்தச் சனியனை நிறுத்து என்று கத்தினார். கோயிலிலிருந்து எதிர்வீட்டம்மாவும் முக்குவீட்டம்மாவும் நாத்தனாரோடு சேர்ந்து வருவார்கள், மஞ்சள் குங்குமம் கொடுக்க வேண்டும், கூடம் அலங்கோலமாக இருக்கிறது.

பெட்டியை உருவினேன். ஒரு பாலித்தீன் பையில் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினேன். பையின் இரண்டு காதையும் இழுத்து, ஒரு முடிச்சுப் போட்டு அதன்மேல் குறுக்கே இன்னொன்று போட்டேன். நான் எதைக் கட்டினாலும் அப்படித்தான் கட்டுவேன். காலையில் வண்டிக்காரர் எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டுக்கு வெளியே மாட்டினேன். விளக்கு எரிகிறது என்பது தெரியும். பார்க்கவில்லை என்பதும் தெரியும். அவர் வந்து பார்ப்பாரே, காலைவரை வைத்தால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியை நான் மறக்கவில்லை. மூடியை மாட்டியதும் மிஷின் சமர்த்தாக மீதிக் கூடத்தைப் பெருக்கியது. அது வாரிய கொஞ்சத்தையும் அதே பையை அவிழ்த்துக் கொட்டி, அதேமாதிரி மறுபடி கட்டினேன்.

மறுநாள் ஏழு மணிக்கு அவர் வந்தார். பெட்டியைத் திறந்துவிட்டு, பொட்டி காலியா இருக்கே என்று கூடத்திலிருந்து சொன்னார். நான் அடுப்படியில் மிக்ஸி ஓடுகிற சாக்கில் காதில் விழாதமாதிரி இருந்தேன். அடுத்த நிமிடம் குளிக்கப் போன நாத்தனார் அலறிக்கொண்டு ஓடிவந்தார். கயிற்றில் ஒரு பக்கம் குண்டு இல்லை. நான் போட்ட முடிச்சு நழுவி, எப்போதோ உருண்டிருக்கிறது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதான பொருள். நாத்தனாருக்குப் பொன் போனது பெரிதில்லை. அவருடைய நடுக்கமெல்லாம் வேறு. என் புருசன் என் புருசன் என்றுதான் அரற்றினார்.

சத்தம் கேட்டு மாமனார் எழுந்துவந்தார், எதிர்வீட்டம்மாவும் முக்குவீட்டம்மாவும் வந்துவிட்டார்கள். அந்த இரண்டு வீட்டிலும் அவர்தான் வேலை செய்தார். கூடத்தை இண்டு இடுக்கு விடாமல் தேடினோம். பிறகு எல்லார் கண்ணும் மிஷின் மேல் போயிற்று. பெட்டியை யார் கொட்டினது என்று நாத்தனார் கேட்டார். தினமும் அந்தக்காதான் கொட்டும் என்று என் கணவர் யோசிக்காமல் சொன்னார். அந்தக்கா விரிக்காத செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“நான் வந்து தொறக்கையில காலியாத்தாங்க இருந்துச்சு.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வேறு யாரையும் பார்க்கவில்லை. அங்கே நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். விளக்கு வைத்த பிறகு, அதுவும் ஆடிப் பதினெட்டும் அதுவுமாக, நாத்தனாரின் தாலிக் குண்டைக் குப்பையோடு தெருவில் மாட்டினவள் நான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நாளைக்கு அவர் கணவருக்கு ஏதாவது ஒன்று என்றால் ஆயுசுக்கும் என் தலையில் அல்லவா விடியும் என்று மனம் கணக்குப் போட்டது. பேசாமல் இருந்திருந்தாலாவது பரவாயில்லை. நான் பேசினேன்.

“சரியாப் பாத்தீங்களாக்கா?”

ஒன்பது வருடமாக என் வீட்டுக் குப்பையை ஈர்க்கால் கிளறிப் பார்த்தவரைப் பார்த்து அதைக் கேட்டேன். அவர் செய்தித்தாளை மடித்து ஃபிரிட்ஜ் மேல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். போகிறாள் பார் என்று நாத்தனார் சொன்னார்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். சேலை முழங்கால்வரை அழுக்கு. மேலெல்லாம் அழுகல் வாடை. வாசலிலேயே நின்று, இடுப்பில் செருகியிருந்த தாள் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பிரித்தால், குண்டு. பேரூராட்சிக் குப்பையெல்லாம் போய்ச் சேருகிற இடத்துக்கு வளம் மீட்புப் பூங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூங்கா என்று பெயரே தவிர பூ ஒன்றும் கிடையாது. அங்கே போய், அன்றைக்குக் காலை வந்து இறங்கிய குவியலைப் புரட்டித் தேடி, புழுதியை ஒரு தொட்டித் தண்ணீரில் போட்டுக் கலக்கியிருக்கிறார். முடியும் பஞ்சும் மிதந்ததாம். கனமானது அடியில் நின்றதாம். அவ்வளவுதான் சொன்னார்.

நாத்தனார் குண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். மஞ்சள் தண்ணீரில் கழுவி எடுத்துவந்தார். நான் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தேன். கஷ்டம் தீர்ந்தது, இனி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று எனக்குள் ஒரு நிம்மதி, வெட்கங்கெட்ட நிம்மதி. அப்போது நாத்தனார் அடுப்படிக்கு வந்து, குரலைத் தாழ்த்துகிற பாவனையில் தாழ்த்தாமல் சொன்னார்.

“எடுத்தவளுக்குத்தானே வச்ச எடம் தெரியும். ஊருக் குப்பையில போயி ஒரு குண்டைக் கண்டுபிடிச்சாளாம்ல. பயந்துபோயிக் கொண்டாந்து குடுத்திருக்கா.”

அடுப்படிக்கும் கூடத்துக்கும் பத்தடி. நான் டீயை வடிகட்டிக்கொண்டே இருந்தேன். கூடத்துக்கு வந்தபோது அவர் சுத்துறவனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உருளையில் சுற்றியிருந்த கயிற்றுப் பிசிறையும் முடியையும் கீறி எடுத்தார். ஃபில்டரை வாசல் படியில் தட்டினார். வழக்கத்தைவிட ஒரு தட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெட்டியை மாட்டி, மிஷினைக் கொண்டுபோய் அதன் இடத்தில் நிறுத்தினார். டீயைத் தொடவில்லை. வாரேங்க என்றார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஒரு வாரத்தில் எதிர்வீட்டிலும் முக்குவீட்டிலும் அவரை நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை ஒங்க வீட்டுல கண்டுபிடிச்சீங்க, நாங்க ஏமாளியாட்டம் சாவியவே குடுத்துட்டுப் போவோம் என்று எதிர்வீட்டம்மா எனக்கு நன்றி சொன்னார். அப்படியெல்லாம் இல்லீங்க என்றேன். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் அதை. அவர் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டார்.

பெட்டியைக் கொட்டுகிற வேலை எனக்கு வந்தது. முதல் வாரம் அப்படியே பையில் கவிழ்த்தேன். பிறகு முடியவில்லை. ஒரு நாள் தாளை விரித்துப் பரப்பி, ஈர்க்கு ஒன்றை உருவிக்கொண்டு உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது. தும்மல் வந்தது. தூசிக்குள் ஒரு பொத்தானைப் பார்க்க எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. இதையா ஒன்பது வருடம் செய்தார் என்று அப்போதுதான் உறைத்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர் ஊருக்குப் போனேன். ஊர்க்காரர் ஒருவருடைய கடலைக் காட்டில் களை எடுத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். வாங்க ஆபீசரம்மா என்று நாற்காலி எடுத்துப் போட்டார். ஃபில்டரை எப்படி அலசுவது என்று கேட்டுப்போக வந்தேன் என்று சொன்னேன். அந்த அளவுக்குத்தான் எனக்குத் துணிச்சல். அவரும் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டு, சோப்புப் போடக் கூடாது, முறுக்கக் கூடாது, ஈரத்தோடு மாட்டினால் நாறிவிடும் என்று பொறுமையாகச் சொல்லித்தந்தார். கேட்டு முடித்த பிறகு, அன்றைக்குக் கொட்டினது நான்தான் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

“தெரியுங்க. காதை இழுத்துக் குறுக்க முடிச்சுப் போட்ட பை அங்கிட்டு ஒன்னே ஒன்னுதான் கெடந்துச்சு. அதை வச்சுத்தானே எடுத்தேன்.”

அப்படியானால் அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

“சொல்ல வேண்டியவங்க பக்கத்துல நிக்கிறப்ப நான் என்னத்தச் சொல்றது. இப்பவும் எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகும்? எனக்குத் தெரிஞ்சதுதானே.”

வேலைக்குத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டேன். கடலை முடியட்டும் என்றார். கடலை முடிந்து எத்தனையோ நாளாயிற்று.

இந்த வருடம் ஆடிப் பதினெட்டுக்கும் நாத்தனார் வந்தார். கணவர் நன்றாக இருக்கிறார், குண்டும் கயிற்றில் பத்திரமாக இருக்கிறது. நான் கூடத்தில் தாளை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமனார் ஈசிசேரில் இருந்தார். கயிறு மாற்றி முடிகிறவரைக்கும் மிஷினை ஓடவிடாதே, போன வருசம்மாதிரி எவளாச்சும் கை வச்சுருவா என்று நாத்தனார் சொன்னார். அந்த எவளாச்சும் என்ற சொல்லில் எனக்கு என்னவோ ஆயிற்று.

“போன வருசம் பொட்டியைக் கொட்டுனது நான் மதினி. வெளக்கு வச்சப்பறம் கொட்டுனேன். பாக்காமக் கொட்டுனேன். அந்தக்கா எடுக்கலை.”

பேப்பரை இறக்காமலே என் கணவர் இப்ப எதுக்கு அது என்றார். அன்றைக்கு டிவி சத்தத்துக்கு நடுவிலும் பெட்டியைத் தட்டிய சத்தம் தனக்குக் கேட்டது என்று மாமனார் சொன்னார். நீயே சொல்லிவிடுவாய் என்று இருந்தேன் என்றார். நாத்தனார் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஒரு வருசமாவா வயித்துக்குள்ள வச்சிருந்த என்றார். பிறகு, சரி, நம்ம வீட்டுக்குள்ள இருக்கட்டும், வெளியே சொல்லிக்கொண்டிருக்காதே, நமக்குத்தான் அசிங்கம் என்று முடித்தார்.

மறுநாள் காலை ஆபீஸ் போகும் முன் அவருக்குப் போன் செய்தேன். சொல்லிவிட்டேன்க்கா என்றேன். பாரம் இறங்கியமாதிரி இருந்தது. அவர் நல்லதுங்க என்று சொல்வார், கடலை முடிந்தது வாரேன் என்று சொல்வார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். நாத்தனார், என் கணவர், மாமனார் என்றேன். லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

“அன்னைக்கு அஞ்சு பேருங்க இருந்தாங்க,” என்றார். கோபமே இல்லை. தாளுக்கு முன்னால் உட்கார்ந்து மாத்திரை தேடியபோது பேசிய அதே குரல். “இன்னும் ரெண்டு இருக்கு. பாருங்க.”

எங்கள் கேட்டைத் திறந்தால் எதிர்வீட்டுக் கேட். அங்கிருந்து நாலு வீடு தள்ளி முக்கு வீடு. எதிர்வீட்டம்மா தினமும் நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் வாசலில்தான் நிற்கிறார். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். ஆடி முடிந்து ஆவணி வந்துவிட்டது. இன்னும் சொல்லவில்லை.